தன்ஷிகா சொன்ன சரி

காலை பத்து மணி. ஒன்பதாவது நாளாகத் தன்ஷிகா "வேண்டாம்" என்றாள். ரெஜினா உள்ளங்கையில் தேய்த்திருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துவிட்டு எழுந்தார்.

தன்ஷிகாவுக்கு எட்டு வயது. நான்கு வயதிலிருந்து மூட்டுவாதம். மருந்து போக மிஞ்சும் வலிக்குக் கைகால்களை மெல்லப் பிடித்துவிடுவது அந்த மருத்துவமனையில் ரெஜினாவின் வேலை. அவருக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம் கற்க வந்த ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தாறு. இருபத்தெட்டு ஆண்டுகள் கபடி வீரர்களின் கால்களைப் பிடித்துவிட்டவர்.

"ஒம்பது நாளா எண்ணெய் வாசம்தான் வருது," என்றார் சிறுமியின் தாய். "பிள்ளை பொட்டுத் தூக்கம் தூங்கல."

மறுநாள் ரெஜினாவுக்கு விடுப்பு. ஏகாம்பரம் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"வேண்டாம்," என்றாள் தன்ஷிகா.

"ஒரே நிமிஷம், கண்ணு. மாமா கை பஞ்சு மாதிரி."

"கபடி மாமா கை எப்படிப் பஞ்சாகும்? வேண்டாம்."

தாய் அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டார். ஏகாம்பரம் கால்களைப் பற்றினார். சிறுமி அழவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

ரெஜினா திரும்பி வந்ததும் ஏகாம்பரம் சொன்னார்: "பத்து நிமிஷம் பிடிக்க விட்டா, டீச்சர். கெண்டைக்கால் நல்லா இளகிடுச்சு. ராத்திரி தூங்கினாளாம்."

ரெஜினா கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு தன்ஷிகாவிடம் போனார்.

"தொடலாமா?"

"சரி."

உடனே வந்தது பதில். கண்கள் கூரையில் இருந்தன.

ரெஜினா கையைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

ஏகாம்பரம் வராந்தாவில் அவரை மறித்தார். "சரின்னுதானே சொன்னா?"

"ஆமாண்ணே."

"அப்புறம் ஏன் தொடல? வலியில கிடக்குது பிள்ளை."

"நேத்து உங்ககிட்ட என்ன சொன்னா?"

"வேண்டாம்னா."

"அப்புறம் என்ன நடந்துச்சு?"

ஏகாம்பரம் தன் கைகளைப் பார்த்தார்.

"இன்னைக்கு அவ வேற என்ன சொல்லுவா, அண்ணே?"

மறுநாள் ஏகாம்பரம் எண்ணெய் இல்லாமல் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

மார்ச் 9, திங்கட்கிழமை, அவர் "தொடலாமா?" என்று கேட்டபோது தன்ஷிகா, "வேண்டாம், போங்க," என்றாள். அவர் எழுந்து வந்தார். 12ஆம் தேதி அவர் கேட்டபோது இடது காலை மட்டும் அவரிடம் நீட்டினாள்.