பந்தி பேசிய டாக்டர்

ஊரே கைராசிக்காரர் என்று கொண்டாடிய டாக்டர் திருவேங்கடம், நோயாளியின் முகத்தைப் பார்த்து வருஷக்கணக்காயிற்று. பூங்கனியின் கைக்குழந்தைக்கோ மூச்சு இழுத்தது. மூன்று தடவை வந்தும், "சளி இல்லை, போம்மா" என்றே அனுப்பிவிட்டார்.

நாலாவது தடவையும் அப்படித்தான். போனில் சமையல்காரரிடம் மகள் கல்யாணப் பந்தியைப் பேசிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் ஸ்டெதஸ்கோப்பை நீட்டினார். காதில் மாட்ட வேண்டிய முனைகள் கழுத்திலேயே தொங்கின. பூங்கனி ஓசைப்படாமல் குழந்தையை நகர்த்திவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த வெந்நீர்த் தூக்குவாளியை முன்னால் வைத்தாள்.

"நல்லா மூச்சு விடு. ம், நெஞ்சு சுத்தமா இருக்கு. அடுத்த ஆளு!"

பூங்கனி எழுந்திருக்கவில்லை. கூச்சத்தோடு மெல்லச் சொன்னாள்: "அப்படியே சீட்டுல எழுதிக் குடுத்துடுங்கய்யா, தூக்குவாளிக்குச் சளி இல்லைன்னு."

வரிசையில் நின்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள். டாக்டர் நிமிர்ந்தார், வாளியைப் பார்த்தார், போனை வைத்தார். குழாயைக் காதில் மாட்டிக் குழந்தையின் நெஞ்சைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. தானே தூக்கிக்கொண்டு ஓடி, மூக்கில் மருந்துப் புகை வைத்தார். மூச்சு சீரானது.

"இவ்வளவு இழுத்திருக்கே, முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"ஒவ்வொரு தடவையும் சொன்னேனுங்க. மொதல்ல சாம்பார் பேசுனீங்க, அப்புறம் வத்தக்குழம்பு, அப்புறம் ரசம், இன்னைக்குப் பாயசம். மோர் வர்ற வரைக்கும் இவன் தாங்குவானான்னு பயந்துட்டேனுங்க."