எதையும் செய்யாத இழை

குழந்தைகள் மருத்துவர் செங்கமலத்துக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவருடைய வார்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்தது. அதன் பிறகுதான் அவர் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் ரெஜினாவிடம் மாணவியாக வந்து சேர்ந்தார். ரெஜினா அவரைவிட மிகவும் இளையவர்.

வந்ததும் கேட்டார். “டீச்சர், இரைப்பை அமிலம் எலும்பையே கரைக்கும். குழந்தையைக் கொன்ற அந்தக் கிருமி மட்டும் எப்படித் தப்பியது?”

ரெஜினா அந்தக் கிருமியின் மரபணு வரைபடத்தில் ஒரு பகுதியை மட்டும் விரித்தார்.

“இதில் வேண்டாதது எது, டாக்டர்?”

செங்கமலம் ஒரு துணுக்கின்மேல் விரல் வைத்தார். “இதுதான். இதிலிருந்து ஒரு குட்டி ஆர்.என்.ஏ. இழை வருகிறது. அந்த இழையிலிருந்து புரதம் எதுவும் வருவதில்லை. குப்பை.”

“வெட்டிவிடுங்கள்.”

வெட்டினார். துணுக்கு உள்ள கிருமிகளையும் இல்லாத கிருமிகளையும் தனித்தனியே அமிலத்தில் ஊறவைத்து, பிறகு தட்டுகளில் வளர விட்டார்.

மறுநாள் முதல் தட்டைத் திறந்தவர் அதிர்ந்துபோனார். அத்தனை கடும் அமிலத்துக்குப் பிறகும் கிருமிகள் தட்டு முழுக்க அப்பிக் கிடந்தன.

துணுக்கு இல்லாத கிருமிகளின் தட்டைத் திறந்தார். ஓரத்தில் ஒன்றிரண்டு புள்ளிகள். மற்றபடி வெறும் தட்டு.

எங்கோ தவறிவிட்டோம் என்று எல்லாவற்றையும் மறுபடி செய்தார். மறுபடியும் அதே வெறும் தட்டு.

“டீச்சர்! அந்த இழைதான் அமிலத்தைத் தடுக்கிறதா?”

“இல்லை. தடுப்பவை வேறு புரதங்கள்.”

“அவற்றை இது உருவாக்குகிறதா?”

“இல்லை. உருவாக்கச் சொல்லி மரபணுவிலிருந்து ஒரு ஆர்.என்.ஏ. செய்தி கிளம்பும். அது சீக்கிரம் சிதைந்துவிடும். இந்த இழை போய் அதன் வால்பக்கம் ஒட்டிக்கொள்ளும். செய்தி சிதையாது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

செங்கமலம் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். அந்தக் குழந்தையின் முகம் கண்முன் வந்தது.

“இவ்வளவு சின்னதா அந்தக் கிருமியைக் காப்பாற்றியது…” என்றார். பிறகு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இதைப்போல எதையும் செய்யாத துணுக்குகள் இன்னும் எத்தனை இருக்கின்றன, டீச்சர்?”

ரெஜினா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“எதையும் செய்யாதது என்று எதைச் சொல்கிறீர்கள், டாக்டர்?”