பள்ளிக்கூடத்துத் தாழ்ப்பாள்

மாசிலாமணிக்கு ஐம்பத்தைந்து வயது. அவருடைய குரு உமையாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சுங்கச்சாவடியில் அதிகாரம் பண்ணி ஓய்ந்த மனிதர் தன்னைவிட இளைய பெண்ணிடம் சீடராகச் சேர்ந்தது ஊருக்கு வேடிக்கைதான். குரு சொல்லித்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தை அவர் நடத்தி வந்தார்.

பள்ளிக்கு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்பது வழக்கம். வாத்தியார் கூலியும் பிள்ளைகளின் மதியக் கஞ்சியும் அதிலிருந்தே வரவேண்டும்.

ஒரு நாள் காலையில் மாசிலாமணி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“அம்மா, அரிசிப் பானை பாதிகூட நிறையறதில்ல. ரெண்டு வாத்தியாரும் கிளம்பறேன்னு நிக்கறாங்க. நல்லவேளை, பருத்தி வியாபாரி சொக்கேசன் மொத்தச் செலவையும் ஏத்துக்கறாராம். ஆனா இனிமே வேற யார்கிட்டயும் அரிசி வாங்கக் கூடாதாம். இன்னிக்குள்ள பதில் சொல்லணும்.”

“அவர் பிள்ளைங்க நம்ம பள்ளிக்கூடத்துலயா படிக்கறாங்க?”

“இல்ல. வீட்டுக்கே வாத்தியார் வர்றார்.”

“அப்ப பள்ளிக்கூடத்தை யார் கவனிப்பாங்க?”

“நான்தான். இப்ப ஊருக்கெல்லாம் பதில் சொல்லணும். அப்புறம் ஒருத்தருக்குச் சொன்னாப் போதும். அவரும் கேக்க மாட்டார்.” சொல்லும்போதே அவருக்கு அத்தனை நிம்மதி.

உமையாள் பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். “வாங்க, இன்னிக்கு நானும் வர்றேன்.”

முதல் வீட்டில் செங்கமலம் ஒரு பிடி போட்டாள். போட்ட கையோடு, “மூணு வருஷமா வர்றா, எம்பொண்ணு இன்னும் அவ பேரையே தப்பாத்தான் எழுதறா. என்னதான் சொல்லித் தர்றீங்க?” என்றாள்.

இந்த வாயைப் பார்த்தீர்களா என்பதுபோல் மாசிலாமணி குருவைப் பார்த்தார்.

அடுத்தது தச்சர் பொன்னுரங்கம் வீடு. பிள்ளை குட்டி இல்லாதவர். அரிசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“முந்தாநாள் ஒரு பையன் அழுதுக்கிட்டே போனான். கன்னம் வீங்கியிருந்துச்சு. அடிச்சது யாரு?”

“உமக்குத்தான் பிள்ளையே இல்லையே, உமக்கென்ன?” என்றார் மாசிலாமணி.

“அரிசி போடறேன்ல?”

அடித்தவர் மாசிலாமணிதான். அவர் அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தச்சர் அரிசியைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

மூன்றாவது வீடு சாத்தியிருந்தது. தட்டியதும் உள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“நாங்க வந்து பாக்கக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துக்குத் தாழ்ப்பாள் போட்டீங்கல்ல? நாங்களும் போட்டுக்கிட்டோம்.”

அதற்கடுத்த வீடும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

உமையாள் தெருவிலேயே நின்றார்.

“தாழ்ப்பாள் எப்போ போட்டீங்க?”

“போன தையில. ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்து, இது ஏன் அது ஏன்னு கேட்டா எப்படிம்மா பாடம் நடத்தறது?”

“பானை எப்போலேருந்து குறைஞ்சுது?”

மாசிலாமணி பானையைப் பார்த்தார். அடியில் இரண்டு பிடி அரிசி கிடந்தது. தையிலிருந்துதான் என்று அவருக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது.

உமையாள் திரும்பி நடந்து தச்சர் வீட்டு வாசலில் நின்றார். “பொன்னுரங்கம் அண்ணே, உளியை எடுத்துக்கிட்டு வாங்க. ஒரு தாழ்ப்பாளைக் கழட்டணும்.”

மாசிலாமணி பின்னாலேயே ஓடினார். “அப்ப வியாபாரிக்கு என்ன பதில் சொல்லட்டும்?”

“அவரும் இதே பானையில போடட்டும். கை பெரிசுன்னா பெரிய பிடியாப் போடட்டும். போட்டுட்டு, அந்தப் பையனை அடிச்சது யாருன்னு அவரும் கேக்கட்டும்.”