தண்டாலை விற்ற பத்ரி

திருச்சி தென்னூரில், டைல்ஸ் கடை ஒன்றின் மேல்மாடியில் செல்லக்கிளி ஒரு ஜிம் நடத்திவந்தார். வயது முப்பத்தாறு. மாநில அளவில் பளு தூக்கிப் பதக்கம் வாங்கியவர். பெயரைக் கேட்டு ஒல்லியான ஆளை எதிர்பார்த்து வருகிறவர்கள், நேரில் அந்தத் தோள்களைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறுவார்கள். அதனாலோ என்னவோ, எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

அவரிடம் வந்து சேர்ந்த சீடன் அவரைவிட ஏழு வயது மூத்தவன். பெயர் பத்ரி. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் இன்ஜினியர். சீடனாகும் எண்ணத்தில் அவன் வரவில்லை. சாஃப்ட்வேர் விற்க வந்தான்.

இரண்டு வருடத்துச் சனி, ஞாயிறுகளைச் செலவழித்து, ஜிம்களுக்காக அதை எழுதியிருந்தான். தண்டால் என்று பெயர் வைத்திருந்தான். தண்டால் அறுபத்திரண்டு வேலைகள் செய்யும். வருகிறவரின் எடையை வரைபடமாகப் போடும். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பும். எந்த மெஷினில் எத்தனை மணிக்குக் கூட்டம் சேரும் என்று முன்கூட்டியே சொல்லும். பதினோரு ஜிம்களில் காட்டினான். பதினோரு முதலாளிகளும் சூப்பர் சார் என்றார்கள். ஒருவர்கூட வாங்கவில்லை.

பன்னிரண்டாவது ஜிம் செல்லக்கிளியுடையது. அரை மணி நேரம் அவர் பொறுமையாக லேப்டாப்பைப் பார்த்தார்.

"ஏன் மாஸ்டர் யாருமே வாங்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டான் பத்ரி.

மாஸ்டர் எழுந்து போய், ரப்பர் பாய் ஒன்றைக் கொண்டுவந்து தரையில் விரித்தார்.

"குப்புறப் படுங்க சார். முழங்கைய ஊனிக்கோங்க. கால் விரலும் முழங்கையும் மட்டும்தான் தரையில படணும். உடம்பு பலகை மாதிரி நிக்கணும்."

"பேண்ட், ஷர்ட் எல்லாம் இஸ்திரி போட்டது மாஸ்டர்."

"படுங்க."

பத்ரி படுத்து, உடம்பைத் தூக்கினான்.

"இப்ப சொல்லுங்க. உங்க சாஃப்ட்வேர் என்ன செய்யும்?"

"இது வந்து ஒரு கம்ப்ளீட், இன்டக்ரேட்டட், க்ளவுட் பேஸ்டு..."

விழுந்தான்.

"ஒம்போது செகண்ட்," என்றார் மாஸ்டர். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க. லேப்டாப் வேண்டாம். ஷூ போட்டுட்டு வாங்க."

வீட்டுக்குப் போனதும் மனைவி சௌந்தரி கேட்டாள். "இன்னைக்காவது வித்துச்சா?"

"சேர்ந்துட்டேன்."

"எதுல?"

"ஜிம்ல."

சௌந்தரி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டையைத் துவைக்கப் போடச் சொன்னாள்.

தினமும் காலையில் அதே பாய், அதே கேள்வி. பதினாலு நொடி தாங்கிய நாளில் எடை வரைபடத்தோடு விழுந்தான். இருபது நொடி தாங்கிய நாளில் பிறந்தநாள் வாழ்த்தை எட்டினான். பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த பேங்க் மேனேஜர் ஒருவர் இதைத் தினமும் பார்த்துவந்தார்.

"அந்தப் பிறந்தநாள் வாழ்த்த எடுத்துடுங்க சார்," என்றார் அவர். "என் வீட்டம்மாவே எனக்குச் சொல்றதில்ல. ஜிம்லேர்ந்து வந்தா சந்தேகப்படுவா."

மூன்றாவது வாரம் மாஸ்டர் அவனை உட்கார்ந்து எழச் சொன்னார். ஐம்பது முறை. மறுநாள் பத்ரியால் மாடிப்படி இறங்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார வேண்டுமானால், நாற்காலி இருக்கும் திசையில் விழவேண்டியிருந்தது. இரண்டு நாள் ஜிம் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறேகாலுக்கு போன் அடித்தது.

"ஏன் சார் வரல?"

"தொடை வலி மாஸ்டர்."

"அதோடவே வாங்க."

நொண்டிக்கொண்டு போனான். மாஸ்டரின் மேஜைமேல் நீளமான நோட்டு ஒன்று திறந்திருந்தது. பெயர்களுக்கு நேரே டிக் போட்டிருந்தது. டிக் விழாத பெயர்களை மட்டும் சுழித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏன் வரல. அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு. கல்யாணம்தான் முடிஞ்சுருச்சே, இன்னும் என்ன. அன்று மட்டும் பதினேழு பேர்.

"தினமும் இதப் பண்றீங்களா மாஸ்டர்?"

"ஆமா."

"வந்தவங்க எடை குறைஞ்சுதா, கூடிச்சான்னெல்லாம் பாக்க மாட்டீங்களா?"

"அவங்களுக்கென்ன சார். அவங்கதான் வந்துட்டாங்களே."

பத்ரி சுழித்திருந்த பெயர்களை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தான். பிறகு தானாகப் போய்ப் பாயை விரித்துப் படுத்தான்.

"உங்க சாஃப்ட்வேர் என்ன செய்யும்?" என்றார் மாஸ்டர்.

"யாரு வரலைன்னு சொல்லும். பேரத் தொட்டா அவங்களுக்கு போன் போகும்."

அதற்கு மேல் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. உடம்பு பலகையாக நின்றது. பேங்க் மேனேஜர் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை நிமிடம் ஆயிற்று.

"இறங்கலாம் சார்," என்றார் மாஸ்டர். "எனக்கு ஒண்ணு போட்டுக் கொடுங்க."

தண்டாலில் அந்த வேலை ஏற்கெனவே இருந்தது. மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு என்று போனால் நாற்பத்தோராவதாகக் கிடைக்கும். மற்ற அறுபத்தொன்றையும் பத்ரி நீக்கினான். எழுத இரண்டு வருடம் ஆகியிருந்தது. நீக்க இரண்டு ஞாயிறு போதுமாக இருந்தது. பிறந்தநாள் வாழ்த்தை அழிக்கும்போது மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

முன்பு சூப்பர் சார் சொன்ன பதினோரு பேரில் ஏழு பேர் வாங்கினார்கள். இந்த முறை யாரும் சூப்பர் என்று சொல்லவில்லை. எப்ப போட்டுத் தருவீங்க என்று மட்டும் கேட்டார்கள். பிறகு கரூரில் நான்கு ஜிம், புதுக்கோட்டையில் இரண்டு. ஒரு வருடத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், பெரம்பலூர் எல்லாம் சேர்த்துத் தொண்ணூறு.

ஜிம்காரர்கள் விடிவதற்குள் கதவைத் திறக்கிறவர்கள். சந்தேகம் வந்தால் உடனே கூப்பிடுவார்கள். பத்ரி அதற்கென்றே தனி போன் ஒன்று வாங்கினான். ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது அது அடித்துக்கொண்டே இருந்தது. சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.

மாலையில் எடுத்துப் பார்ப்பான். முதல் வாரம் எடுக்காத அழைப்புகள் முப்பது இருந்தன. அடுத்த வாரம் பத்து. பிறகு ஒன்றுகூட இல்லை. சாஃப்ட்வேரில் இனிப் பிழையே இல்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். மாஸ்டரிடமும் சொன்னான்.

"யாருமே கூப்பிடறதில்ல மாஸ்டர். அந்த அளவுக்கு சுத்தமாயிடுச்சு."

"நான் நேத்துகூடக் கூப்பிட்டேனே," என்றார் மாஸ்டர்.

பத்ரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்கு வேறு கவலை வந்திருந்தது. ஆபீஸில் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் டைம், ரெண்டுல ஒண்ணு பாருங்க என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாதத்திலேயே பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி தண்டாலை விலைக்குக் கேட்டது.

கம்பெனியின் சார்பில் வைஷாலி என்ற பெண் வந்தாள். மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் சந்தித்தார்கள். அவள் ஒரு தாளை நீட்டினாள். பத்ரி அதிலிருந்த தொகையைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"உங்க கஸ்டமர்ஸ் முப்பது பேர்கிட்ட பேசினோம் சார். வேற எவ்வளவோ சாஃப்ட்வேர் இருக்கே, ஏன் இத விட மாட்டேங்கறீங்கன்னு கேட்டோம்."

"சிம்பிளா இருக்குன்னு சொல்லியிருப்பாங்க."

"ரெண்டு பேர் சொன்னாங்க. மீதி இருபத்தெட்டு பேரும், மேடம் போன எடுப்பாங்கன்னு சொன்னாங்க."

"எந்த மேடம்?"

வைஷாலி தன் குறிப்பைப் புரட்டினாள். "சௌந்தரி மேடம். கரூர்ல ஒருத்தர், மேடம் சொல்லித்தான் சுகர் டெஸ்ட் எடுத்தேன், இல்லைன்னா தெரிஞ்சே இருக்காதுன்னார்."

பத்ரி காபியை எடுத்தான். காலி டம்ளர் என்று வாயருகே கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது.

"அதனால ஒரு கண்டிஷன் சார். மேடம் மூணு வருஷம் எங்ககூட வேலை செய்யணும். கஸ்டமர் பிரிவ அவங்கதான் பாத்துக்கணும்."

"நான்?"

"நீங்க ஒரு மாசம் எங்க டீமுக்குச் சொல்லிக் கொடுத்தா போதும் சார்."

நான்கு நாள் பத்ரி இந்த விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சமையலறைக்குள் போவதையே தவிர்த்தான். தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலில் நிரப்பி வைத்துக்கொண்டான். ஐந்தாம் நாள் காலை மாஸ்டரிடம் போனான். கையில் டம்பெல்லை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

"விக்கலாமா மாஸ்டர்?"

"நீங்க எழுதினது. வித்துக்கோங்க."

"அவளையும் சேர்த்துக் கேக்கறாங்களே."

"மேடம் என்ன சொன்னாங்க?"

பத்ரி டம்பெல்லை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினான்.

"இன்னும் கேக்கல."

"பெங்களூர்க்காரங்க வந்து சொல்லி எத்தனை நாளாச்சு?"

"நாலு நாள்."

மாஸ்டர் அவன் கையிலிருந்து டம்பெல்லை வாங்கி வைத்தார்.

"இன்னைக்கு உங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல சார். வீட்டுக்குப் போங்க."

அவன் போனபோது சௌந்தரி போனில் இருந்தாள். ஒரு கையில் கரண்டி. "பாஸ்வேர்ட்ல மொதல் எழுத்து பெருசா போட்டீங்களாண்ணே? ஆங், திறந்துச்சா? சரி, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

பத்ரி பிரிட்ஜ் ஓரமாக நின்று காத்திருந்தான். அவள் வைத்ததும் கேட்டான்.

"எப்பலேர்ந்து நீ போன் எடுக்கற?"

"நீங்க அத இங்க கொண்டுவந்து வெச்ச ரெண்டாவது வாரத்துலேர்ந்து. அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. நான் சமைக்க வேண்டாமா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவ சொன்னேன். ஹெட்போன் போட்டிருந்தீங்க. தலைய வேற ஆட்டினீங்க."

பத்ரி பெங்களூர் விஷயத்தைச் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு எனக்குப் புதன்கிழமையே போன் பண்ணிடுச்சு," என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். நீங்க எப்ப கேப்பீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

இரண்டு வருட ஞாயிறுகளும் அதற்குப் பிறகு வந்த ஒரு வருடமும் அவன் முன்னால் நின்றன. அவள் எதையும் சொல்லிக்காட்டவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இப்ப கேக்கறேன்," என்றான். "உனக்கு இஷ்டமா?"

சௌந்தரி அடுப்பை அணைத்தாள்.

"இஷ்டம்தான். ஆனா திருச்சிலேர்ந்துதான் பாப்பேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எடுக்க மாட்டேன். அப்புறம், வராதவங்களுக்குத் தானா மெசேஜ் போற மாதிரி அவங்க மாத்தக் கூடாது. ஜிம்காரங்கதான் கூப்பிட்டுப் பேசணும். இதெல்லாம் எழுத்துல வாங்கித் தாங்க."

பத்ரி ஒரு தாளை எடுத்து, அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொண்டான்.

கம்பெனி மூன்றுக்கும் ஒப்புக்கொண்டது. தண்டால் கைமாறியது. ஹாலில் சௌந்தரிக்கு ஒரு மேஜை வந்தது. அவள் பேசும்போது மிக்ஸி போடக் கூடாது என்று பத்ரிக்கு உத்தரவு. தண்டால் கைவிட்டுப் போனதால் ஆபீஸில் அவனை ஒன்றும் கேட்கவில்லை. வேலை அப்படியே இருந்தது. சனி, ஞாயிறு மட்டும் காலியாகிவிட்டது.

இரண்டு மாதம் பொறுத்தான். ஒரு நாள் காலை, பயிற்சியெல்லாம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே மாஸ்டரிடம் வந்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"மாஸ்டர், புதுசா ஒண்ணு தோணியிருக்கு. கல்யாண மண்டபத்துக்கு சாஃப்ட்வேர். எத்தனை பேர் வருவாங்க, எந்தப் பந்தியில எவ்வளவு கூட்டம் இருக்கும், எப்ப சோறு தீரும், எல்லாம் முன்னாடியே சொல்லிடும். நாப்பது விஷயம் யோசிச்சு வெச்சிருக்கேன். எழுத ஆரம்பிக்கலாமா?"

மாஸ்டர் இரும்புத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினார். கடைசித் தட்டை மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை மணப்பாறையில எங்க சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம் சார். எழுநூறு பேர் சாப்பாடு."

"சந்தோஷம் மாஸ்டர்."

"காலையில அஞ்சரைக்கெல்லாம் மண்டபத்துக்கு வந்துடுங்க," என்றார் மாஸ்டர். "வேட்டிய மடிச்சுக் கட்டிக்கோங்க. சாம்பார் வாளி உங்களுக்கு."