கதவில் கோடு போட்ட சுட்டிகள்

அந்தக் காலத்தில், கணினிக்குள் இருந்து இடம் காட்டும் சுட்டிகளெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த நாளில், ஒரு மீன்பிடித் துறையில் ஒரு கணினி இருந்தது. கடலுக்குப் போன படகுகள் எங்கே நிற்கின்றன என்று சொல்வது அதன் வேலை. அதற்குள் நினைவகம் என்று பெரிய விடுதி ஒன்று. ஒவ்வொரு படகின் சேதியும் ஓர் அறையில் இருக்கும். அறைக்குள் என்ன இருக்கிறது என்று சுட்டிகளுக்குத் தெரியாது. இன்ன படகின் சேதி இன்ன அறையில் என்று கையை நீட்டிக் காட்ட மட்டும் தெரியும். அதற்கே அவற்றுக்கு எவ்வளவு பெருமை என்கிறீர்கள்!

அந்த விடுதியின் சாவிகளை வைத்திருந்தவர் தொம்மை. கேட்டால் அறை கொடுப்பார், திருப்பினால் வாங்கிக்கொள்வார். உள்ளே ஆள் உண்டா என்று கதவைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அறையை வாங்கிய சுட்டியே வேலை முடிந்ததும் திருப்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

சூசை என்கிற சுட்டிக்கு மறதி அதிகம். படகுகள் கரைக்கு வந்து வலையும் காய்ந்த பிறகுகூட அவன் வாங்கிய அறைகள் பூட்டியே கிடக்கும். ஒருநாள் புதிதாகக் கொடுக்க அறையே இல்லாமல் கணினி மூச்சுமுட்டி நின்றுபோயிற்று. அதை மறுபடி எழுப்பியதும் மற்ற சுட்டிகளின் கேலி தொடங்கியது.

"அறைவிழுங்கி வாராரு, வழி விடுங்கடே!"

சூசைக்கு வெட்கத்தில் எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. இனி வேலை முடிந்த கையோடு சாவியைத் திருப்பிவிடுவது என்று வைராக்கியம் கொண்டான்.

மறுநாள் காலை ஞானமுத்துவின் படகு புறப்பட்டது. சூசை அதற்கு ஓர் அறை வாங்கினான். படகைத் தேடி யாராவது வந்தால் பதில் சொல்ல வேண்டிய சுட்டி லூர்தி. அவளுக்கும் அந்த அறையைக் காட்டினான். இந்தப் படகு துறையைத் தாண்டும்வரைதான் அவன் பொறுப்பு; தாண்டியதும் அவன் வேலை முடிந்தது. ஒரே ஓட்டமாகத் தொம்மையிடம் ஓடினான்.

"பாத்தீங்களா மாமா, உடனே குடுத்துட்டேன்!"

"இப்பத்தான்டே உருப்பட்டிருக்க" என்று தொம்மை சாவியை வாங்கி மாட்டினார். லூர்தி இன்னும் அந்த அறையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே என்று அவரும் கேட்கவில்லை, இவனும் யோசிக்கவில்லை. சற்று நேரத்தில் சவேரியான் படகு கரைக்கு வந்தது. அதன் சேதிக்கு அதே அறையைத் தொம்மை கொடுத்தார்.

மத்தியானம் காற்று திரும்பியது. ஞானமுத்துவின் மனைவி திரேசம்மாள் கணினி முன்னால் வந்து நின்றாள். லூர்தி கை காட்டினாள். "கரையில் நிற்கிறது" என்று திரையில் எழுத்து வந்தது. திரேசம்மாள் கரைக்கு ஓடினாள். படகு அங்கே இல்லை. திரும்பி ஓடி வந்து கேட்டாள். மறுபடியும் அதே எழுத்து. கரையில் நிற்கிற படகைத் தேடி யார் கடலுக்குப் போவார்கள்? தேடப் போக வேண்டியவர்கள் சும்மா இருந்தார்கள்.

உள்ளே சுட்டிகள் லூர்தியைச் சூழ்ந்துகொண்டன. "பொய் சொல்லுதியாட்டி?"

அவள் அழுதுவிட்டாள். "இந்த அறைதானே? சூசையண்ணே, காலையில நீங்கதான காட்டினீங்க?"

சூசைக்கு நடந்தது இன்னதென்று அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனாலும் அவன் என்ன செய்தான் தெரியுமா? "எனக்கென்ன தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அறையை அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்ததைவிட அதுதான் பெரிய கேவலம்.

வெளியே திரேசம்மாளின் குரல் கேட்டது. "அப்போ நான் குருடியா? என் கண்ணுக்குத் தெரியாம எங்க நிக்குது?"

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"லூர்தி மேல தப்பில்ல. அது இப்ப ஞானமுத்து அறையே இல்ல. ஆரையும் கேக்காம சாவியக் குடுத்தது நான்தான்."

லூர்தி கையைக் கீழே போட்டாள். திரையில் எழுத்து மாறி, "தெரியவில்லை" என்று வந்தது. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததுதான் தாமதம், துறையில் இருந்த படகுகள் அத்தனையும் கடலில் இறங்கின. பொழுது சாயும் முன் கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்தார்கள். அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரையும் உயிரோடு தூக்கினார்கள்.

சேதி வந்தபோது சூசை தலை நிமிரவில்லை. இந்த முறை யாரும் கேலி பேசவில்லை. பேசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"மாமா, என் ஞாபகத்தையும் நம்பாதீங்க, என் நல்ல எண்ணத்தையும் நம்பாதீங்க" என்றான் தொம்மையிடம். "ஒரு அறையக் காட்டுத ஒவ்வொருத்தரும் அதோட கதவுல ஒரு கோடு போடணும். போறப்ப அவங்க கோட்ட அழிக்காம வாசலத் தாண்ட முடியாதுன்னு வையுங்க. கடைசிக் கோட்ட அழிக்கவங்க கையில இருந்து மட்டும் சாவிய வாங்குங்க."

தொம்மை சரி என்றார். முதல் கோட்டைச் சூசையே போட்டான்.

அன்று முதல்தான் சுட்டிகள் வேலை முடிந்து போகும்போது யாரும் சொல்லாமலே தம் கோட்டை அழித்து, வேறு கோடு இல்லையென்றால் மட்டும் அறையைத் திருப்பிக் கொடுக்கின்றன. மனிதர்கள் அவற்றுக்குப் புத்திசாலிச் சுட்டிகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது புத்தி அல்ல, வெட்கம் என்பது சுட்டிகளுக்குத் தெரியும்.