கடை வேஷம் கலையாத டிவிப் பெட்டி

அந்தக் காலத்தில் பல்லியும் பேசியது, டிவிப் பெட்டியும் பேசியது. டிவி வந்தே எத்தனை வருஷம் ஆயிற்று, இது எந்தக் காலம் என்று குறுக்கே கேட்காதீர்கள். கதைக்கு அதன் சொந்தக் காலண்டர் உண்டு. அப்போதெல்லாம் பெட்டிகள் உள்ளதை உள்ளபடி காட்டின. கறுப்பு கறுப்பாகத் தெரிந்தது, சேறு சேறாகத் தெரிந்தது, முகத்தில் மரு இருந்தால் அதுவும் தெரிந்தது.

தூத்துக்குடியில் மாசிலாமணி என்பவர் டிவிக் கடை வைத்திருந்தார். கடை முழுக்கக் கண்ணைக் குத்தும் டியூப்லைட். அந்த வெளிச்சத்தில் உண்மையைக் காட்டும் பெட்டிகள் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தன. அவற்றில் ஒன்று ரொம்ப நாளாக விற்காமல் ஓரத்தில் கிடந்தது. அதன் முதுகுப்பக்கத்துச் சூட்டில் ஒரு பல்லி குடியிருந்தது. இரண்டும் நல்ல சிநேகம்.

ஒருநாள் உச்சி வெயிலில் தங்கபுஷ்பமும் அவள் புருஷன் லிங்கதுரையும் கடைக்கு வந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அவர்களுடைய ஒரே மகள் செல்வக்கனி, கல்யாணமான வருஷமே மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். மிச்சம் இருந்தது கல்யாண வீடியோ ஒன்றுதான். அதைப் பெரிய படமாகப் பார்க்க வேண்டும் என்று தங்கபுஷ்பம் பென் டிரைவை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

உப்பளத்து வெள்ளையில் நின்றுவிட்டு நிழலுக்கு வந்தால் கண் தெளியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை எதைப் பார்த்தாலும் இருட்டாகத்தான் இருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொட்டகையில் உட்கார்ந்து கண்ணை ஆற்றிக்கொண்டுதான் வேறு காரியம் பார்ப்பார்கள். அன்றைக்கு மகளைப் பார்க்கிற அவசரம். அளத்திலிருந்து நேராகக் கடைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

பெட்டி படத்தைப் போட்டது.

"என்ன அண்ணாச்சி, ஒரே இருட்டாக் கெடக்கு? எம் பிள்ளை மொகமே தெரியலியே" என்றாள் தங்கபுஷ்பம்.

"சரி பண்ணித் தாரேன்க்கா. ரெண்டு பேரும் வெளிய ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று அவர்களை அனுப்பிவிட்டு, மாசிலாமணி பெட்டியிடம் குனிந்தார். "இவங்களும் போயிட்டா ஒன்னக் குடோன்லதான் போடுவேன், பாத்துக்கோ."

"எனக்கு வேஷம் போட வராதே அண்ணாச்சி."

"கடையில நிக்கித வரைக்கும் போட்டாப் போதும். வீட்டுக்குப் போனதும் கலைச்சிரு."

குடோன் இருட்டை நினைத்துப் பெட்டி பயந்துவிட்டது. பாவம், அதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அது வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றியது. வெள்ளையெல்லாம் சொட்டுநீலம் அதிகமாகிப்போன வேட்டி மாதிரி நீலம் பாய்ந்தது. அரக்குக் கூறைப்புடவை ரோஸ் ஆயிற்று. படத்தில் இல்லாத அசைவுகளைத் தானாக இட்டு நிரப்பியதில் ஆட்கள் வழுக்கி வழுக்கி நடந்தார்கள். புள்ளி, கறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் தூசி என்று துடைத்துப் போட்டது. அந்தத் துடைப்பில் செல்வக்கனியின் மோவாயில் இருந்த தழும்பும் போய்விட்டது.

சின்ன வயதில் பாத்தி வரப்பில் ஓடி, உப்பு வாரும் பலகையில் விழுந்து வாங்கிய தழும்பு அது.

"ஏல, அது தூசி இல்லல" என்று பதறியது பல்லி.

"வீட்டுக்குப் போனதும் சரியாக்கிருதேன்" என்றது பெட்டி.

டீ குடித்து வந்தவர்களுக்குப் படம் பிடித்துப்போயிற்று. பெட்டி அவர்கள் வீட்டுக்குப் போனது. பல்லியும் கூடவே ஒட்டிக்கொண்டு போனது.

அன்று சாயங்காலம் வீடியோவைப் போட்டதும் தங்கபுஷ்பம் சிரித்தாள். மகள் போன பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். "பாத்தியளா, எம் பிள்ளை எம்புட்டுச் செவப்பா இருக்கா!" என்று புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். லிங்கதுரை தலையை மட்டும் ஆட்டினான்.

"வேஷத்தக் கலைக்கலியா?" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தது பல்லி.

"சிரிக்கா பாரு. இன்னிக்கி வேண்டாம், நாளைக்கிப் பாப்போம்."

நாளை என்பது வந்தபாடில்லை. தினமும் அவள் சிரித்தாள், தினமும் பெட்டி தள்ளிப்போட்டது. நல்ல மனசோடுதான் தள்ளிப்போட்டது, அதுதான் எனக்கு ஆற்றாமை.

அடுத்த ஐப்பசி மழையில் அளத்து வேலை நின்றிருந்தபோது, தங்கபுஷ்பத்தின் தங்கச்சி விருந்துக்கு வந்தாள். பேச்சோடு பேச்சாக, "நம்ம செல்வக்கனிக்கு நாடியில ஒரு தழும்பு இருக்குமே, அது எந்தப் பக்கம்க்கா?" என்றாள்.

தங்கபுஷ்பம் யோசித்தாள். "தழும்பா? அவளுக்கு ஏதுடி தழும்பு?"

அந்தக் காயத்தில் மஞ்சள் வைத்து, வாயால் ஊதி ஊதி ஆற்றியவளே அவள்தான். லிங்கதுரை எழுந்து வெளியே போய்விட்டான்.

பெட்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் இருந்த பிள்ளையையும் எடுத்துக்கொண்டேனே என்று குமைந்தது. தங்கச்சி ஊருக்குப் போனதும், அவர்கள் வீடியோ போட்ட நேரம் பார்த்து வேஷத்தை மொத்தமாகக் கலைத்தது. நீலம் வடிந்தது. புடவை அரக்கு நிறத்துக்குத் திரும்பியது. உப்பளத்து வெயிலில் காய்ந்த கறுத்த பெண் ஒருத்தி, மோவாயில் தழும்போடு, கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"ஐயோ, பெட்டி கெட்டுப்போச்சே! யாரு இந்தப் பிள்ளை?" என்று அலறினாள் தங்கபுஷ்பம்.

"அம்மா, இதுதான் ஒங்க மக. இத்தன நாளும் நான்தான் மாத்திக் காட்டுனேன்" என்றது பெட்டி.

"அவளப் பெத்தது நானா நீயா? எம் பிள்ளையத் திருப்பிக் குடு!" அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

லிங்கதுரை கிட்டே வந்தான். திரையில் அந்தத் தழும்பு இருந்த இடத்தில் விரலை வைத்தான். "வந்துட்டியா தாயி" என்றான், அவனுக்கே கேட்காத குரலில். பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் புகுந்து உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்தான். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, "மாத்திரு" என்றான்.

பெட்டி மாற்றியது. தழும்பு போயிற்று, தங்கபுஷ்பம் அழுகையை நிறுத்தினாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி வாய் திறக்கவே இல்லை. பெட்டி அணைந்திருக்கும்போது லிங்கதுரை சில நாள் துண்டை எடுத்துக் கண்ணாடியில் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்துப் பார்த்துத் துக்கத்தில் பல்லிக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

அன்று முதல்தான் டிவிப் பெட்டிகள் பேசுவதில்லை. கடையில் போட்ட வேஷத்தோடு வீட்டுக்கு வருகின்றன. உள்ள முகத்தைச் செட்டிங்ஸுக்குள்ளே, ஒரு கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு வைத்து, யாராவது தேடி வந்து கேட்டால் காட்டலாம் என்று பத்திரமாக வைத்திருக்கின்றன. நாம் கேட்பதில்லை. பெட்டிக்குப் பின்னால் பல்லி மட்டும் இன்றைக்கும் உச்சுக் கொட்டிக்கொண்டிருக்கிறது.