புறவாசல் வேப்பமரம்

ஏழு பெண்களைக் கொன்றவன் பிடிபட்டால் ஊருக்கு நிம்மதி. இன்ஸ்பெக்டர் செண்பகவடிவுக்கோ இருந்த நிம்மதியும் போயிற்று. லாரி ஓட்டும் அந்தப் பரமானந்தம், கேட்காமலேயே எட்டாவது ஒன்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான். பதினொரு வருஷத்துக்கு முன் தாமிரபரணிக் கரை ஊரில் அப்பளம் இட்டுப் பிழைத்த ஆவுடையம்மாளைக் கொன்றதும் தான்தானாம். அந்தக் கொலைக்குத்தான் முப்பிடாதி ஆயுள் தண்டனையில் கிடக்கிறான். அவன் அவள் வீட்டு வாசலில் உளுந்து மூட்டை இறக்கிவிட்டுப் போகிற கூலியாள்.

செண்பகவடிவுக்கு உட்கார முடியவில்லை. பழைய வழக்குக் கட்டை அவிழ்த்து நின்றபடியே படித்தாள். சம்பவ இடத்தை நேரில் பார்த்து எழுத வேண்டிய மகஜரை அன்றைய ஸ்டேஷன் ரைட்டர் தங்கபாண்டி எழுதியிருந்தார். நாற்காலியை விட்டு எழாமல் வேலையை முடிப்பதில் அவர் பேர் பெற்றவர். 'புறவாசலில் கிளை பரப்பிய பெரிய வேப்பமரம் ஒன்று உள்ளது' என்றது மகஜர். 'அந்த மரத்தில் ஏறி மதிலைத் தாண்டி ஓடினேன்' என்று மாஜிஸ்திரேட்டிடம் முப்பிடாதி சொல்லியிருந்தான். இரண்டும் அச்சாகப் பொருந்தியதால்தான் தண்டனையே. கட்டின் அடியில் ஆவுடையம்மாள் மகளின் வாக்குமூலம் இருந்தது. 'அம்மா நாள் முழுக்கப் புறவாசலில் அப்பளம் காயப்போடுவாள். வெயில் நன்றாக விழுவதால் தெருக்காரர்களும் வடகத்தை அங்கேதான் கொண்டுவருவார்கள்.'

நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால், நாற்கரச் சாலைக்காக அந்த வீட்டை இடித்து எட்டு வருஷமாயிற்று. பரமானந்தத்திடம் மரத்தைப் பற்றிக் கேட்டாள்.

"மரமா? அங்கன ஏது மேடம் மரம்? ஆட்டுரல் மேல ஏறித்தான் சுவரத் தாண்டுனேன்."

இன்று எஸ்.எஸ்.ஐ. ஆகிவிட்ட தங்கபாண்டி சிரித்தார். "பழைய கேஸக் கிளறாதீங்க மேடம். ஏழு செஞ்சவன் எட்டுன்னு பீத்திக்கிடுதான். மரம் நின்னதே தெரியாதவனா கொலகாரன்?"

மாலைக்குள் குற்றப்பத்திரிகை போயாக வேண்டும். எட்டு என்று எழுதினால் முப்பிடாதிக்குச் சிறைக் கதவு திறக்க வழி பிறக்கும். பீத்தல்காரனை நம்பி ஒரு கொலைகாரனை வெளியே விட்டதாகவும் ஆகலாம். ஏழு என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

முப்பிடாதி, பரமானந்தம், தங்கபாண்டி மூவருமே அந்தப் புறவாசலைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள். அதைக் கண்ணால் கண்டவர் யார்? நீங்களே சொல்லுங்கள்.

விடை: பரமானந்தம் மட்டுமே. தெருவே வடகம் காயப்போட்ட இடத்தில் கிளை பரப்பிய மரம் எப்படி நிற்கும்? அது இல்லை என்று சொல்லத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தங்கபாண்டி ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து, அதற்கு முந்தின மாதத்துத் திருட்டு வழக்கின் மகஜரைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றி எழுதினார். திருட்டு நடந்த வீட்டு வேப்பமரம் ஆவுடையம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டது. செண்பகவடிவு எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை சிறைக்குப் போய், இல்லாத மரத்தில் ஏறியதாக ஏன் சொன்னாய் என்று கேட்டாள்.

"அடி தாங்கலம்மா. மரத்துல ஏறுனேன்னு சொல்லுலேன்னாவ. ஏறிட்டேன்" என்றான் முப்பிடாதி.